முதலில் எந்தக் கதவு? அமெரிக்கக் கல்லூரியில் பாலியல் தொல்லையோ கர்ப்பப் பாகுபாடோ நேர்ந்தால்

"அக்கா, இத வெளிய சொன்னா என் விசாவுக்கு ஏதாவது ஆயிடுமா?"

ஜனவரி 20, இரவு பதினோரு மணிக்கு வந்த அழைப்பு. எனக்கு நான்கு செட் பின்னால் படித்த பெண். இங்கே முனைவர் பட்டம் செய்கிறாள், எஃப்-1 என்ற மாணவர் விசா, ஆய்வகத்தில் ஆர்ஏ (ஆய்வு உதவியாளர்) வேலை. அதே ஆய்வகத்தில் ஒரு போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டம் முடித்து அங்கே ஆய்வு வேலை பார்ப்பவர். ராத்திரி மெசேஜ், உடம்பைப் பற்றிய பேச்சு, மைக்ராஸ்கோப் பக்கத்தில் நிற்கும்போது தோளில் கை. கடைசியாக அக்டோபர் 3 அன்று, "பேப்பர்ல உன் பேரு முதல்ல வரணும்னா என்கூட டின்னருக்கு வா" என்றிருக்கிறார். எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம். நான் உடனே காலண்டரை எடுத்து நாளை எண்ணினேன். 109 நாள் போயிருந்தது, 71 மிச்சம். ஏன் எண்ணினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

விசாக் கேள்விக்கு முதலில் பதில். டைட்டில் நைன் என்ற சட்டத்தில் 1972 ஜூன் 23 அன்று நிக்சன் கையெழுத்திட்டார். அதன் மையவாக்கியம் ஆங்கிலத்தில் 37 சொற்கள்தான். அதில் "குடிமக்கள்" என்ற சொல்லே கிடையாது, "அமெரிக்காவில் உள்ள எந்த நபரும்" என்றுதான் இருக்கிறது. கூட்டரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் பாலின அடிப்படையில் ஒருவரை ஒதுக்கவோ பாகுபடுத்தவோ கூடாது. மாணவர் கல்விக்கடன் வழியாக வரும் பணமும் கணக்கில் சேரும் என்பதால் தனியார் பல்கலைக்கழகங்களும் ஏறக்குறைய எல்லாமே உள்ளே வந்துவிடும். எஃப்-1 மாணவிக்கும் உள்ளூர் மாணவிக்கும் ஒரே பாதுகாப்பு. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவது தனியாக ஒரு சட்டமீறல். விசா ஆட்டம் காண்பது வேறொரு இடத்தில். அதற்கும் வருகிறேன்.

இந்தச் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஹவாய் மாநிலப் பிரதிநிதி பாட்சி மிங்க். டாக்டராக ஆசைப்பட்டு, விண்ணப்பித்த மருத்துவக் கல்லூரிகளெல்லாம் கைவிரித்ததால் சட்டம் படிக்கப் போனவர். 2002இல் அவர் இறந்தபின் சட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். இவளுக்கு முன்னால் ஆறு கதவுகள் இருந்தன: ரகசியம் காக்கும் ஆலோசகர், கல்லூரியின் டைட்டில் நைன் அலுவலகத்தில் ஆதரவு ஏற்பாடு மட்டும் கேட்பது, அதே அலுவலகத்தில் முறையான புகார், மத்தியக் கல்வித்துறையின் சிவில் உரிமை அலுவலகம் (எல்லோரும் ஓசிஆர் என்பார்கள்), நீதிமன்றம், போலீஸ். "இதுல எது ஸ்ட்ராங்கு?" என்று கேட்டாள். எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் பலத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தால் தடுமாறிவிடுவோம் என்பது என் எண்ணம். எந்தக் கதவில் நுழைந்தால் மற்றவை திறந்தே இருக்கும், எது தன் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும் என்று பார்ப்பதுதான் சரி.

முதலில் வாயைத் திறக்கும் இடம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்த பேராசிரியரிடம்தான் போய்ச் சொல்வார்கள். தப்பில்லை, ஆனால் அது ரகசியம் இல்லை. பல பல்கலைக்கழகங்களின் விதிப்படி, காதில் விழுந்ததை அவர் டைட்டில் நைன் அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். டெக்சாஸில் 2019இல் வந்த சட்டப்படி, வேண்டுமென்றே தெரிவிக்காமல் விட்ட ஊழியர் மீது குற்ற வழக்கே போடலாம். ஆகவே "யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்" என்று தொடங்கினாலும் பலன் இருக்காது. மனநல ஆலோசகர், மாணவர் மருத்துவமனை மருத்துவர், மதப் பணியாளர் போன்றோருக்குத்தான் ரகசியம் காக்கும் தகுதி. ஒன்றும் முடிவு செய்யாத நிலையில் போகவேண்டிய இடம் அது. குறை என்னவென்றால், அங்கே சொன்னது "கல்லூரிக்குத் தெரிவித்ததாக" ஆகாது. பின்னாளில் "எங்களுக்குத் தெரியாதே" என்று நிர்வாகம் சொன்னால் அது செல்லும்.

வீட்டுக்குத் தெரியுமோ என்ற பயம் இன்னொன்று. கல்லூரியில் சேர்ந்துவிட்டால் பதிவுகள் மீதான உரிமை மாணவருக்குத்தான் என்று தனிச்சட்டம் இருக்கிறது. அலுவலகம் தானாக ஊருக்கு போன் போட்டு அப்பாவிடம் சொல்வது இங்கே வழக்கம் இல்லை. இவள் அதைக் கேட்டதும் விட்ட பெருமூச்சு போனிலேயே கேட்டது.

அடுத்த இரண்டு கதவுகளும் ஒரே அலுவலகத்தில்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டும் வேறு வேறு. இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

டைட்டில் நைன் ஒருங்கிணைப்பாளரிடம் போய் நடந்ததைச் சொன்னால் அதுவே புகார் ஆகிவிடாது. முறையான புகார் என்பது கையெழுத்திட்ட தனி ஆவணம். அது இல்லாமலேயே ஆதரவு ஏற்பாடுகளைக் கேட்கலாம், கல்லூரி கொடுத்தே ஆகவேண்டும், கட்டணம் கிடையாது. ஆய்வக நேரத்தை மாற்றுவது, அவர் இருக்கும் அறையில் வேலை இல்லாமல் செய்வது, தொடர்பு கொள்ளத் தடை, கெடு நீட்டிப்பு, விடுதி மாற்றம், இரவில் துணைக்கு ஆள் என்று இப்படி. இந்தக் கதவின் சிறப்பு, வேறெந்தக் கதவையும் இது மூடுவதில்லை. நாளைக்கே புகார் எழுதலாம், எழுதாமலும் விடலாம். கல்லூரிக்கு "தெரியும்" என்பதற்கு எழுத்தில் சாட்சியும் கிடைத்துவிடும். நேரில் பேசிவிட்டு வந்ததும், "இன்று உங்களிடம் சொன்னது இது, நான் கேட்டது இது" என்று ஒரு மின்னஞ்சல் தட்டிவிட வேண்டும். நான்கு வரி போதும்.

பலவீனமும் உண்டு. இது தண்டனை இல்லை. தொல்லை கொடுத்தவர் அதே கட்டடத்தில் காபி குடித்துக்கொண்டிருப்பார். நடைமுறையில் இடம் மாறுவது பெரும்பாலும் பாதிக்கப்பட்டவள்தான், அது எனக்கு எப்போதும் எரிச்சலைத் தரும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அதே நபர் மீது முன்பே பேச்சு வந்திருந்தால், உங்களுக்கு விருப்பம் இல்லாவிட்டாலும் ஒருங்கிணைப்பாளரே புகாரில் கையெழுத்திடலாம். அபூர்வம்தான், ஆனால் விதியில் இடம் இருக்கிறது.

முறையான புகாருக்கு வந்தால் ஆட்டம் வேறு. இங்கே ஒரு எச்சரிக்கை: இணையத்தில் தேடினால் 2024இல் வந்த புதிய விதிகள்தான் முன்னால் வந்து நிற்கும். 2025 ஜனவரி 9 அன்று கென்டக்கியில் ஒரு கூட்டரசு நீதிமன்றம் அவற்றை மொத்தமாக ரத்து செய்துவிட்டது. இப்போது நடப்பது 2020ஆம் ஆண்டு விதி. அதன்படி சக மாணவர் கொடுக்கும் தொல்லை கடுமையானதாக, பரவலானதாக, யார் பார்த்தாலும் அருவருக்கத்தக்கதாக, மூன்றும் சேர்ந்து இருக்கவேண்டும். பாலியல் வன்முறை, பின்தொடர்தல், காதல் உறவில் அடிஉதை போன்றவற்றுக்கு இந்த அளவுகோல் வேண்டாம். அதேபோல, கல்லூரி ஊழியர் ஒருவர் "இதைச் செய்தால் அது கிடைக்கும்" என்று பேரம் பேசினாலும் வேண்டாம். ஒருமுறை நடந்தாலே போதும். போஸ்ட்டாக் ஊழியர். அக்டோபர் 3 அன்று சொன்னது பேரம். அந்த இருபது மெசேஜ்களைவிட இந்த ஒரு வாக்கியத்தின் கனம் அதிகம் என்று சொன்னபோது அவளுக்கு ஆச்சரியம். அவள் அதை டைரியில்கூட எழுதி வைக்கவில்லை.

புகார் கொடுத்தால் கல்லூரி விசாரிக்கும். ஆதாரங்களைப் பார்த்துப் பதில் எழுத 10 நாள், அறிக்கைக்குப் பதில் சொல்ல இன்னொரு 10 நாள் இரு தரப்புக்கும் உண்டு. பிறகு நேரடி விசாரணை. அதில் குறுக்கு விசாரணை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் நேராகக் கேட்கக் கூடாது, அவருடைய துணையாளர் கேட்பார். நீங்கள் வேறு அறையில் திரை வழியாகப் பதில் சொல்லலாம். உங்களுக்குத் துணையாள் இல்லை என்றால் கல்லூரியே இலவசமாக ஒருவரைத் தரவேண்டும். அவர் வக்கீலாகத்தான் இருப்பார் என்று உறுதி இல்லை, எதிர்த் தரப்பு வக்கீலைக் கூட்டிவர முடியும். இந்தச் சமமின்மை உறைக்கிற இடம் அந்த அறைதான். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் பெண்களே அங்கே தடுமாறிப் போவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

சமரசம் பேசும் வழியும் விதியில் இருக்கிறது, இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால். ஆனால் ஊழியர் மாணவிக்குத் தொல்லை கொடுத்த வழக்கில் சமரசம் கூடாது. துறைத்தலைவர் "உக்கார்ந்து பேசித் தீத்துக்கலாம்மா" என்று கூப்பிட்டால் போகவேண்டாம் என்று இவளிடம் சொன்னது அதனால்தான்.

உள்ளே கொடுக்கும் புகாருக்கு நாள் கெடு கிடையாது. ஆனால் புகார் கொடுக்கும்போது நீங்கள் அந்தக் கல்லூரியில் படித்துக்கொண்டோ, படிக்க முயன்றுகொண்டோ இருக்கவேண்டும். "பட்டம் வாங்கிட்டுப் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தொல்லை கொடுத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டாலும் கல்லூரி புகாரைத் தள்ளிவிடலாம். போஸ்ட்டாக்குகள் சட்டென்று ஊர் மாறுகிறவர்கள் என்பதை இவள் விஷயத்தில் நான் யோசிக்கவேண்டியிருந்தது.

ஓசிஆர் கதவு கல்லூரிக்கு மேலே. இலவசம், வக்கீல் தேவையில்லை, உங்களுக்காக வேறொருவரும் மனு கொடுக்கலாம். அது விசாரிப்பது அந்த நபரை அல்ல, கல்லூரியை: தெரிந்தும் என்ன செய்தீர்கள் என்று. கடைசிச் சம்பவத்திலிருந்து 180 நாளுக்குள் மனு போயிருக்க வேண்டும். அக்டோபர் 3இலிருந்து எண்ணினால் ஏப்ரல் 1. கல்லூரியின் சொந்த விசாரணை முடியும்வரை காத்திருந்து கெடு தாண்டிவிட்டால், அது முடிந்த 60 நாளுக்குள் விலக்குக் கேட்டு மனு போடலாம். ஆனால் ஆதரவு ஏற்பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட்டால் அந்த 60 நாள் உங்களுக்கு வராது. இரண்டாவது கதவின் சுகத்தில் நான்காவது கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொள்ளும். நான் நாளை எண்ணியது இதற்காகத்தான்.

ஓசிஆர் நஷ்டஈடு வாங்கித் தராது. கல்லூரியோடு ஓர் உடன்பாடு போட்டு நடைமுறையைத் திருத்த வைக்கும். 2025 மார்ச்சில் கல்வித்துறை ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப்பேரை நீக்கியபோது, ஓசிஆரின் 12 வட்டார அலுவலகங்களில் 7ஐ மூடுவதாக அறிவித்தது. சிகாகோ, டல்லஸ், நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ எல்லாம் அந்த ஏழில் அடக்கம். சீக்கிரம் பதில் வரும் என்று நம்பி இதை மட்டும் பிடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. கெடுவைக் காப்பாற்றிக்கொள்ள மனு போடலாம், தீர்வுக்கு வேறு வழி பார்க்கவேண்டும். என் கணிப்பு இது.

நீதிமன்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வக்கீல் இல்லாமல் அங்கே போகக் கூடாது. ஓசிஆருக்குப் போகாமலே நேராக வழக்குப் போடலாம் என்று 1979இலும், பண இழப்பீடு கேட்கலாம் என்று 1992இலும் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 1998, 1999இல் வந்த இரண்டு தீர்ப்புகள் வாசலைக் குறுக்கிவிட்டன: பொறுப்பில் உள்ள ஒருவருக்கு உண்மையாகவே தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் அலட்சியமாக இருந்திருக்க வேண்டும். முன்பு சொன்ன அந்த நான்கு வரி மின்னஞ்சலின் மதிப்பு இங்கேதான் தெரியும். 2022இல் வேறொரு சட்டத்தின் கீழ் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு கிடையாது என்று பல கீழ் நீதிமன்றங்கள் டைட்டில் நைன் வழக்குகளிலும் சொல்கின்றன. காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டென்னசியில் ஓராண்டு, கலிஃபோர்னியாவில் இரண்டு, நியூயார்க்கில் மூன்று.

போலீஸ் என்பது குற்றத்துக்கு. ராத்திரி மெசேஜுக்குப் பெரும்பாலும் அது பொருந்தாது, பலாத்காரத்துக்கும் பின்தொடர்தலுக்கும் பொருந்தும். பாலியல் வன்முறை நடந்திருந்தால் மருத்துவத் தடயப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம், அதற்காகப் போலீசில் புகார் கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. தடயம் சில நாள்தான் நிற்கும். மற்ற எல்லா முடிவையும் ஆறப்போடலாம், இதை மட்டும் கூடாது. யு விசா பற்றியும் கேட்பார்கள். குறிப்பிட்ட குற்றங்களில் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவுகிறவருக்கு அது உண்டு, ஆனால் ஆண்டுக்கு 10,000தான், வரிசையோ பல வருடம்.

ஆர்ஏ, டிஏவாக (கற்பித்தல் உதவியாளர்) இருப்பவர் ஊழியரும்கூட. அதனால் வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையம் என்ற ஏழாவது வாசலும் உண்டு. அங்கே கெடு 180 நாள், பெரும்பாலான மாநிலங்களில் 300.

கர்ப்பம்: இங்கேதான் விசா உண்மையில் ஆடும்

தொல்லைக்கு எதிராகப் பேசினால் விசா போகாது. ஆனால் கர்ப்பகாலத்தில், நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவாலேயே விசா போகலாம். இதில் நான் அனுபவஸ்தி.

நான்காம் ஆண்டில் எனக்குக் குமட்டல் தாங்காமல் ஒரு பாடத்தைக் கைவிட்டேன். இணையதளத்தில் ஒரு பொத்தான்தானே, அழுத்திவிட்டேன். அன்றைக்கு மாலையே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். முழுப் பாடச்சுமைக்குக் கீழே போய்விட்டேன், அவர்களிடம் முன்அனுமதி வாங்கவில்லை. பதிவு செய்யும் கடைசி நாள் இன்னும் தாண்டாததால் மறுபடி சேர்ந்து தப்பித்தேன். இரண்டு நாள் கழித்து அழுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு நாட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

1975இலிருந்து டைட்டில் நைன் விதியில் இருப்பது இது: கர்ப்பம், பிரசவம், கருக்கலைப்பு, கருச்சிதைவு, அதிலிருந்து தேறிவருதல் எதையும் காரணம் காட்டி மாணவியைப் பாகுபடுத்தக் கூடாது. மருத்துவர் தேவை என்று சொல்லும் காலம்வரை விடுப்புத் தரவேண்டும், திரும்பி வந்ததும் போனபோது இருந்த அதே நிலையில் சேர்க்கவேண்டும். "என் வகுப்பில் மூன்று நாளுக்கு மேல் லீவு கிடையாது" என்ற பேராசிரியரின் சட்டம் இதன் முன் செல்லாது. மற்ற நோய்களுக்குக் கேட்காத மருத்துவச் சான்றை இதற்கு மட்டும் கேட்கக் கூடாது. 2024 விதி செத்ததால் இதில் ஒன்றும் குறையவில்லை. பால் எடுத்துவைக்கத் தனியறை போன்ற, அந்த விதி சேர்த்த விவரங்கள்தான் போயின.

இங்கே எதிரெதிராக வைத்துப் பார்க்கவேண்டியது மூன்று வழிகளை. முதல் வழி, பாடச்சுமையைக் குறைக்காமல் சலுகைகளோடு தொடர்வது: கெடு நீட்டிப்பு, வீட்டிலிருந்து தேர்வு, ரசாயனம் இல்லாத வேலை. விசா அசையாது, ஸ்டைபெண்டும் நிற்காது. உடம்பு ஒத்துழைத்தால் இதைவிட நல்லது இல்லை.

இரண்டாவது, மருத்துவக் காரணத்துக்காகப் பாடச்சுமையைக் குறைப்பது. ஒரு படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை கிடைக்கும், தேவைப்பட்டால் ஒரு பாடம்கூட இல்லாமலும் இருக்கலாம். ஆனால் மருத்துவரின் கடிதமும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் ஒப்புதலும் பாடத்தை விடுவதற்கு முன்பே வரவேண்டும், ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதிதாக. கடிதம் பேசவேண்டியது தாயின் உடல்நிலையை. "குழந்தையைப் பார்த்துக்கொள்ள" என்று எழுதினால் செல்லாது. டைட்டில் நைன் அலுவலகம் தரும் விடுப்புக் கடிதம் இதற்கு ஈடாகாது. இரண்டு அலுவலகமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று நினைப்பது அப்பாவித்தனம்.

மூன்றாவது, விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்ப் பெற்றுவிட்டு வருவது. மனசு இழுப்பது இதற்குத்தான், எனக்கும் இழுத்தது. ஒப்புதலோடு விலகினால் நாட்டைவிட்டுப் போக 15 நாள். ஐந்து மாதத்துக்குள் திரும்பினால் பழைய பதிவையே உயிர்ப்பிக்கக் கேட்கலாம். தாண்டினால் புது ஐ-20 (விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம்), புதிதாக 350 டாலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவேடு) கட்டணம். படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதிக்குத் தேவையான ஓராண்டுக் கணக்கும் முதலிலிருந்து. ஐந்து மாதம் என்பது கேட்க நீளம், ஆனால் விமானத்தில் ஏற்றமாட்டேன் என்று சொல்லும் மாதமும் கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட், விசா வாங்கும் அலைச்சலும் சேர்ந்தால் காணாது. பட்டம் வாங்க ஒரு வருடத்துக்குள் இருக்கிறவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன். படிப்பின் தொடக்கத்தில், துணையில்லாமல் தனியாக இருப்பவர்களுக்கு இதுவே சரியாகவும் இருக்கலாம்.

டிஏ, ஆர்ஏவுக்கு வேலைப் பக்கத்திலும் ஒரு பிடி உண்டு. 2023 ஜூன் 27 முதல் நடப்பில் உள்ள கர்ப்பிணி ஊழியர் நியாயச் சட்டப்படி, உட்கார நாற்காலி, அடிக்கடி இடைவேளை, பளு தூக்காத வேலை போன்றவற்றைக் கேட்கலாம். 12 வாரக் குடும்ப விடுப்புச் சட்டத்தை நம்பவேண்டாம். அதற்கு ஓராண்டில் 1,250 மணிநேரம் வேலை செய்திருக்க வேண்டும். வாரம் 20 மணி வீதம் 52 வாரமும் உழைத்தாலும் 1,040தான் வரும். மாநிலச் சட்டம் சில இடங்களில் கைகொடுக்கும். கலிஃபோர்னியாவில் கருவுற்ற மேல்படிப்பு மாணவிக்குத் தகுதித் தேர்வுகளுக்கு 12 மாதக் கூடுதல் அவகாசம் சட்டத்திலேயே இருக்கிறது.

மறுநாள் காலை அவள் டைட்டில் நைன் அலுவலகத்துக்குப் போனாள், ஆதரவு ஏற்பாடு மட்டும் கேட்டு. மைக்ராஸ்கோப் நேரம் மாறியது. மாலையில் அந்த நான்கு வரி மின்னஞ்சலை எனக்கும் காட்டிவிட்டு அனுப்பினாள். அதில் மூன்றாவது வரி, அக்டோபர் 3 அன்று பேசப்பட்ட அந்தப் பேரம், சொல்லுக்குச் சொல். முறையான புகாரைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. போன் காலண்டரில் மார்ச் 20 அன்று ஒரு நினைவூட்டல் வைத்திருக்கிறாள், ஏப்ரல் 1க்கு 12 நாள் முன்னால்.